டெர்பியில் வியூகம் செல்லாதா?

சென்னையின் எஃப்.சி.க்கும் கேரளா பிளாஸ்டர்ஸுக்கும் டெர்பி, அதாவது பரம எதிரிகளின் கால்பந்து மேட்ச், என்றால் தாம்பரத்தைச் சுற்றியுள்ள கல்லூரி விடுதிகளில் ஒரு வாரம் முன்பே கட்சி பிரிந்துவிடும். கிழக்குத் தாம்பரத்தின் கிறிஸ்தவக் கல்லூரி தொடங்கி காட்டாங்குளத்தூர் எஸ்.ஆர்.எம். வரை மலையாளப் பிள்ளைகளுக்குக் குறைவில்லை. ஒரே அறையில் ஒரு கட்டிலின் மேல் நீலச் சட்டை தொங்கும், அடுத்த கட்டிலின் மேல் மஞ்சள் சட்டை. லெஃப்ட் பேக்கில் யார், அவர்களுடைய விங்கரை யார் பிடிப்பது, நடுவில் இரண்டு பேர் போதுமா என்று பேச்சு சூடுபிடிக்கும். சரியாக அந்த நேரம் பார்த்து சீனியர் ஒருவர் உள்ளே வந்து தீர்ப்பு எழுதுவார்: “டேய், டெர்பியில ஃபார்மேஷன், மேட்ச்-அப் எல்லாம் செல்லாதுடா. எவனுக்கு வெறி ஜாஸ்தியோ அவன்தான் அடிப்பான்.”

அதோடு எல்லோரும் தலையாட்டிவிட்டுச் சாப்பிடப் போய்விடுவார்கள். டீக்கடை பெஞ்சிலும் இதே தீர்ப்புதான். கேட்க வீரமாக இருக்கிறது, மறுத்துப் பேசினால் நம் பற்றையே சந்தேகப்படுவார்கள். ஆனாலும் இது தவறு. இதற்குச் சொல்லப்படும் காரணங்களை ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தால் எதுவும் நிற்கவில்லை.

முதல் காரணம், சொந்த மண்ணும் ரசிகர் கூட்டமும். “நம்ம கிரவுண்டு, நம்ம சத்தம், நாமதான் பன்னிரண்டாவது ஆள்” என்பது. ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) இறுதி ஆட்டங்களில் இதுவரை ஐந்து முறை ஓர் அணிக்குச் சொந்த மைதானம் வாய்த்திருக்கிறது. 2015-ல் ஃபடோர்டாவில் கோவா தோற்றது. 2016-ல் கொச்சியில் கேரளா, ஸ்டேடியம் முழுக்க மஞ்சளாக இருந்தும், கொல்கத்தாவிடம் பெனால்டியில் தோற்றது. 2018-ல் கண்டீரவாவில் பெங்களூரு நம்மிடம் தோற்றது. 2024-ல் சால்ட் லேக்கில் மோகன் பகான் மும்பையிடம் தோற்றது. 2025-ல்தான் மோகன் பகான், அதுவும் எக்ஸ்ட்ரா டைமில், சொந்த ஊரில் கோப்பையைத் தூக்கியது. ஐந்துக்கு நான்கு தோல்வி.

நம் கதையையே பார்ப்போம். 2015 டிசம்பர் 2-ம் தேதி காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் தாம்பரத்தில் 49 சென்டிமீட்டர் மழை. முடிச்சூரும் வரதராஜபுரமும் தண்ணீரில் மூழ்கிக் கிடந்த அந்த மாதத்தில், சென்னைக்கு வரவேண்டிய அரையிறுதி ஆட்டம் புனேவுக்குப் போனது. நம் ‘சொந்த’ ஆட்டத்தை ஏதோ ஒரு ஊரில் ஆடி, கொல்கத்தாவை 3-0 என்று அடித்தோம். அடுத்தது கொல்கத்தாவில், பிறகு கோவாவில் இறுதி. கோப்பைக்கான கடைசி மூன்று ஆட்டங்களில் ஒன்றுகூட சென்னையில் நடக்கவில்லை. 2018 கோப்பையும் பெங்களூரில் வாங்கியது. இரண்டு கோப்பைகளும் எதிராளி வீட்டு முற்றத்தில் கிடைத்தவை.

மாறாக, 2014 அரையிறுதி. கொச்சியில் 0-3 தோற்று வந்த சென்னை, நேரு ஸ்டேடியத்தில் 90 நிமிடத்தில் மூன்று கோலையும் திருப்பி அடித்தது. (இரண்டு ஊர் மைதானத்துக்கும் ஜவாஹர்லால் நேரு பெயர்தான், அவர் எந்தப் பக்கம் என்று தெரியவில்லை.) அன்று இருந்த கூட்டத்தையும் வெறியையும் விட அதிகமாக யாராலும் கேட்க முடியாது. 117-வது நிமிடத்தில் ஸ்டீபன் பியர்சன் ஒரு கோல் போட்டார், கேரளா இறுதிக்குப் போனது. வெறி மட்டும் போதுமென்றால் அந்த இரவு நம்முடையதாக இருந்திருக்க வேண்டும்.

சொந்த மைதானச் சாதகம் பொய் என்று சொல்ல வரவில்லை. நீண்ட லீகில் அது இருக்கிறது. கொரோனா காலத்தில் காலி மைதானங்களில் ஆடியபோது ஐரோப்பாவின் பல லீகுகளில் அது குறைந்ததையும் பார்த்தோம். ஆனால் லீக் முழுவதும் சேர்ந்து தெரியும் ஒரு சாய்வை எடுத்து, ஒரே ஒரு இரவின் தீர்ப்பாகச் சொல்வது கணக்குத் தெரியாத பேச்சு.

இரண்டாவது, வரலாறு. “கேரளா சென்னையில ஜெயிச்சதே இல்ல” என்பது பத்து வருடம் நம் வாயில் இருந்த வாக்கியம். உண்மையும்கூட. 2025 ஜனவரி 30 அன்று அவர்கள் இங்கே வந்து 3-1 என்று ஜெயித்துவிட்டுப் போனார்கள். தொடக்கத்திலேயே ஒரு கோல்; பின்பு முதல் பாதிக்குள் நம் முன்கள ஆட்டக்காரர் ரெட் கார்டு வாங்கி வெளியேறினார். பத்து பேரோடு ஒரு மணி நேரம் ஓடும் அணிக்கு 2014-ல் யார் கோல் போட்டார்கள் என்பதால் ஒரு பயனும் இல்லை. சொல்லப்போனால் வெறி என்பதை அன்று நாம் வேறு வடிவத்தில் பார்த்தோம். டெர்பியில் கோபம் தலைக்கேறினால் முதலில் கைக்கு வருவது கார்டுதான்.

மூன்றாவது காரணம் கொஞ்சம் நாகரிகமானது. வியூகம் வேண்டாம், பெரிய ஆளுக்குப் பெரிய ஆள் யார் என்று மட்டும் பார்த்தால் போதும் என்பது. 2018 இறுதிக்கு முன் எல்லோரும் பேசியது பெங்களூருவின் சேத்ரியையும் மிகுவையும் பற்றி. பெங்களூரு லீகில் 40 புள்ளியோடு முதலிடம், நாம் 32. ஒன்பதாவது நிமிடத்தில் சேத்ரி தலையால் கோல் அடித்தார், பேச்சு பலித்ததுபோல் இருந்தது. அப்புறம் நடந்ததைத்தான் கவனிக்க வேண்டும். கிரெகரி நெல்சன் ஒரு கார்னர் எடுத்தார். மைல்சன் ஆல்வெஸ் என்ற நம் டிஃபென்டர் எழும்பி முட்டினார், 1-1. இடைவேளைக்குச் சற்று முன் இன்னொரு கார்னர், அதே நெல்சன், அதே ஆல்வெஸ், அதே தலை. 2-1. மேட்ச்சுக்கு முந்தைய எந்த நட்சத்திரப் பட்டியலிலும் ஒரு தடுப்பாட்டக்காரரின் நெற்றி இருந்திருக்காது. ஆனால் கார்னரில் யார் யாரைப் பிடிப்பது என்ற சின்னக் கேள்வியைக் கேட்டவருக்கு அது தெரிந்திருக்கும். ரஃபேல் அகஸ்டோவின் மூன்றாவது கோலோடு 3-2 என்று முடிந்தது.

நம்மூர்ப் பையன் ஒருவரின் கதையும் உண்டு. 2023 ஆகஸ்ட் 12, டூரண்ட் கோப்பையில் ஈஸ்ட் பெங்கால்–மோகன் பகான். வருடக்கணக்கில் டெர்பி ஜெயிக்காத ஈஸ்ட் பெங்கால். எதிரே காசைக் கொட்டிச் சேர்த்த அணி, அதில் உலகக் கோப்பைக்குப் போய்வந்த ஆஸ்திரேலிய ஃபார்வர்டு ஜேசன் கம்மிங்ஸ். ஆட்டத்தின் ஒரே கோலைப் போட்டவர் சென்னையைச் சேர்ந்த நந்தகுமார் சேகர். வலது ஓரத்தில் பந்தை வாங்கி, உள்ளே வெட்டி, இடது காலால் தூர மூலைக்கு வளைத்தார். வலது பக்கம் இடதுகால் ஷாட்டை வைத்திருப்பவரை நிறுத்தினால் அவர் உள்ளேதான் வருவார். அப்போது அவரைத் தடுக்க வேண்டியவர் எந்தக் காலை மறைக்க வேண்டும்? மேட்ச்-அப் பேச்சு என்று கேலி செய்யப்படுவது இதுதான்.

அடுத்து, எதிர்த்தரப்பின் கையில் இருக்கும் ஆகப் பெரிய ஆயுதம். விஷயம் தெரிந்த பெரியவர்கள் இதை எடுத்து நீட்டுவார்கள்: “வியூகம் பேசின அமல் தத்தா என்ன ஆனார்?” 1997 ஜூலை 13, ஃபெடரேஷன் கோப்பை அரையிறுதி, சால்ட் லேக். வந்தவர்கள் ஒரு லட்சத்து முப்பதாயிரத்துக்கும் மேல். மோகன் பகான் கோச் அமல் தத்தா ‘டைமண்ட்’ என்று ஒரு அமைப்பை வைத்திருந்தார். நடுக்களத்தில் வைர வடிவில் ஆட்களை நிறுத்தி, ஓரத்தில் இருப்பவர்களை மேலே மேலே ஏற்றிவிடும் முறை. முந்தைய சுற்றில் சர்ச்சில் பிரதர்ஸை 6-0 என்று நசுக்கியிருந்தார்கள். கொல்கத்தா முழுக்க அதே பேச்சு. மீன் கடையில்கூட டைமண்டைப் பற்றி அலசியிருப்பார்கள் என்று நினைக்கிறேன். போதாக்குறைக்கு தத்தா எதிரணியான ஈஸ்ட் பெங்கால் ஆட்டக்காரர்களின் பெயர்களைத் திரித்துக் கேலி பேசினார். பைச்சுங் ‘சுங்சுங்’ ஆனார், ஒமோலோ ‘ஆம்லெட்’ ஆனார். ஆட்டம் முடிந்தபோது ஈஸ்ட் பெங்கால் 4, மோகன் பகான் 1. இருபது வயது பைச்சுங் பூட்டியா ஹாட்ரிக்.

“பார்த்தீர்களா, வியூகம் மண்ணைக் கவ்வியது, அவமானப்பட்டவன் ஜெயித்தான்” என்று இதைச் சொல்லிச் சொல்லியே ஒரு தலைமுறை வளர்ந்திருக்கிறது. எனக்கு இந்தக் கதை நேர் எதிராகத்தான் தெரிகிறது. எதிரே ஈஸ்ட் பெங்கால் கோச்சாக உட்கார்ந்திருந்தவர் பி.கே. பானர்ஜி. அவரிடம் என்ன கோபம் மட்டுமா இருந்தது? ஓர ஆட்களை மேலே ஏற்றும் அமைப்பு முதுகுக்குப் பின்னால் இடம் விடும். பந்தைப் பறித்த மறுகணம் அந்த இடத்துக்குள் ஓட ஒரு வேகமான ஆள் வேண்டும். பைச்சுங்கிடம் அது இருந்தது. டைமண்ட் தோற்றது, ஆனால் அதைத் தோற்கடித்தது இன்னொரு திட்டம். கேலிப் பேச்சு பைச்சுங்குக்குச் சூடேற்றியிருக்கும், மறுக்கவில்லை. சூடேறிய ஆள் எங்கே ஓட வேண்டும் என்று யாராவது சொல்லியிருக்க வேண்டும் அல்லவா? அதே கோபத்தோடு அவர் மூடிய கதவில் போய் முட்டியிருந்தால் இன்று அந்த நாளைப் பற்றி யாரும் பேசமாட்டார்கள்.

இன்னும் சந்தேகம் இருப்பவர்கள் 2019–20 சீசனை நினைத்துப் பார்க்கலாம். தொடக்கத்தில் கோல் போடவே திணறிய சென்னை, பட்டியலின் அடியில் கிடந்தது. கோச் ஜான் கிரெகரி விலகினார், ஓவன் கோய்ல் வந்தார். ஆட்கள் பெரும்பாலும் அதே ஆட்கள். அதே வால்ஸ்கிஸ், அதே கிரிவெல்லாரோ, அதே சாங்தே. மேலே ஏறி நெருக்கி ஆடத் தொடங்கினார்கள். டிசம்பரில் கேரளாவைச் சென்னையில் 3-1. 2020 பிப்ரவரி 1 அன்று கொச்சியில் 6-3. மூன்று பேரும் ஆளுக்கு இரண்டு. எதிரணியின் ஒக்பெச்சே ஹாட்ரிக் போட்டும் காப்பாற்ற முடியவில்லை. பின்பு இறுதி ஆட்டம் வரை போனார்கள். நவம்பரில் இந்தப் பிள்ளைகளுக்கு ஊர்ப்பற்று இல்லாமல் இருந்து, ஜனவரியில் திடீரென்று வந்துவிட்டதா?

கடைசியாக ஒரு வாதம் மிச்சம் இருக்கிறது, இது கொஞ்சம் மட்டம் தட்டும் வகை. வியூகம் முக்கியம்தான், ஆனால் அது கோச்சின் வேலை, ரசிகனுக்கு என்ன தெரியும் என்பது. ஏழரை மணி ஆட்டத்துக்குத் தாம்பரத்தில் ஆறு மணிக்கு மின்சார ரயில் ஏறிப் பாருங்கள். ஆறரை வாக்கில், கிண்டியோ சைதாப்பேட்டையோ தாண்டும்போது, அணிப் பட்டியல் போனில் வந்துவிடும். அந்தப் பெட்டியில் கிளம்பும் பேச்சைக் காது கொடுத்துக் கேட்டிருக்கிறேன். கம்பியைப் பிடித்தபடி நிற்கும் பையன் ஒருவன், பேர்களை ஒரு தடவை மேலிருந்து கீழே பார்த்துவிட்டு, “அண்ணா, ரைட்ல இவனைப் போட்டா மேல ஏறுவான், திரும்பி வரமாட்டான். பின்னாடி யாரு பார்த்துக்கிறது?” என்பான். அதற்கு இன்னொருவர், “டிஃபென்சிவ் மிட் சாய்ஞ்சு வந்து நிப்பான்டா” என்பார். “அப்போ நடுவுல ஓட்டை விழுமே?” பார்க் ஸ்டேஷன் வருவதற்குள் ஒரு அணியின் பலவீனத்தை இருவரும் பிரித்து மேய்ந்துவிடுவார்கள். இவர்கள் சம்பளம் வாங்கும் நிபுணர்கள் இல்லை. வாராவாரம் பார்க்கிறார்கள், அவ்வளவுதான். கால்பந்தில் முக்கால்வாசி அறிவு அப்படித்தான் வருகிறது.

ரசிகர்கள் பேசுவதெல்லாம் பொன் என்றும் இல்லை. 4-3-3-ஆ, 4-2-3-1-ஆ என்று தொண்டை வறளச் சண்டை போடுவதில் எனக்கு ருசி இல்லை. விசில் ஊதிய ஐந்தாவது நிமிடம் அந்த எண்கள் கலைந்துபோகும். கேட்க வேண்டியவை வேறு: யாருக்கு இன்னொரு மஞ்சள் கார்டு வந்தால் அடுத்த ஆட்டம் கிடையாது, எத்தனை நாளில் இது எத்தனையாவது ஆட்டம், நீண்ட பயணம் செய்து வந்தது யார், கார்னரை எடுப்பது எந்தக் கால், முன்னிலை கிடைத்தால் கடைசிப் பத்து நிமிடத்தை யார் அமைதியாக ஓட்டுவார்கள். 2015 இறுதியில் 87-வது நிமிடத்தில் 2-1 என்று முந்திய கோவா, 90-வது நிமிடத்தில் தன் கோல்கீப்பர் வழியாகவே சமன் கொடுத்து, 92-வது நிமிடத்தில் நம் மென்டோசாவிடம் கோப்பையையும் கொடுத்தது. சென்னையின் வெறி என்று அதற்குப் பெயர் வைத்துக்கொண்டோம். மூன்று நிமிடம் பந்தை வைத்துக்கொள்ளத் தெரியாத அணி என்று கோவாக்காரர்கள் சொன்னால், அதுதான் உண்மைக்குப் பக்கத்தில் இருக்கும்.

அதனால் அடுத்த டெர்பிக்குப் போகிறவர்களிடம் ஒரே வேண்டுகோள். டிரம் அடியுங்கள், பாடுங்கள், தொண்டை கட்டும்வரை கத்துங்கள். நமக்குக் கார்னர் கிடைக்கும்போது மட்டும் பந்தை வைப்பவரை விட்டுவிட்டு, பெனால்டி பாக்ஸுக்குள் யார் யாரை இடிக்கிறார்கள், யாரை ஒருவரும் பிடிக்காமல் விட்டிருக்கிறார்கள் என்று பாருங்கள். கோல் விழுவதற்கு முன்பே உங்களுக்குத் தெரிந்துவிடும்.