முதல் ஏற்றுமதிக்கு முன்பே வாருங்கள்

பெங்களூரு பீன்யா தொழிற்பேட்டையின் சிறு பட்டறைகள் துல்லியமான இயந்திர உதிரிபாகங்களைச் செய்கின்றன. மைசூரு சாலையில் ஏறத்தாழ 60 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சன்னபட்டணாவின் அரக்குச் சாயப் பொம்மைகள் புவிசார் குறியீடு பெற்றவை. தரத்தில் குறையில்லை. எனினும் சிறுதொழில் முனைவோர் பலர் அயல்நாட்டு வாடிக்கையாளரை நாடத் தயங்குகின்றனர். அனுப்பிய சரக்கிற்குப் பணம் வராவிடில் என் செய்வது என்னும் அச்சமே முதற்காரணம் எனக் கருதுகிறோம்.

அவ்வச்சம் நியாயமானதே. பெருநிறுவனம் தாங்கிக்கொள்ளும் ஓர் இழப்பு, ஐந்து தொழிலாளர் கொண்ட பட்டறையை மூடச் செய்துவிடும். ஆயினும் இதற்குக் காப்பு உண்டு. 1957-இல் தொடங்கப்பட்ட ஏற்றுமதிக் கடன் உத்தரவாதக் கழகம், வாங்கியவர் பணம் தரத் தவறினால் இழப்பின் பெரும்பகுதியை ஈடுசெய்யும் காப்பீட்டை வழங்குகிறது. வாங்குபவரின் வங்கி அளிக்கும் கடன் உறுதிக் கடிதம் மற்றோர் அரண். அதன் நிபந்தனைப்படி ஆவணங்களை அளித்தால், பணம் தரும் பொறுப்பை அவ்வங்கியே ஏற்கிறது.

இவை பலருக்குத் தெரியாதிருப்பதில் வங்கியாளராகிய எங்களுக்கும் பங்குண்டு. சரக்கு சென்றபின் ஆவணங்களைச் சரிபார்ப்பதோடு எங்கள் கடமை முடிந்துவிடலாகாது. விலை பேசும்போதே துணைநிற்க வேண்டும். நீங்களும் ஒப்பந்தத்தில் கையொப்பமிடுமுன் கிளைக்கு வாருங்கள். பணம் பெறும் முறையை முதலில் முடிவுசெய்வோம்.