பத்து வெள்ளி கேட்ட சொற்கள்

துணிவு தரும் சொற்களுக்கு நம்மிடையே பஞ்சமில்லை. விடுதி அறைச் சுவரில் டாக்டர் அப்துல் கலாம் இருக்கிறார். காலையில் கைப்பேசியைத் திறந்தால் புலனக் குழுவில் சுவாமி விவேகானந்தர் வந்து நிற்கிறார். பிரிக்பீல்ட்சிலும் கிள்ளானிலும் ஏதாவதொரு மண்டபத்தில் தன்முனைப்புக் கருத்தரங்கு நடந்துகொண்டே இருக்கிறது. நாமும் போகிறோம், கை தட்டுகிறோம், சில வேளைகளில் கண்கலங்கவும் செய்கிறோம். ஞாயிற்றுக்கிழமை வரை அந்தச் சூடு தாங்குகிறது. திங்கட்கிழமை, வகுப்பில் நம் படைப்பை ஆங்கிலத்தில் தொடங்க எழுந்து நிற்கும்போது கால்கள் பழையபடி நடுங்குகின்றன.

அப்படியானால் தலைவர்களின் சொற்களால் பயனே இல்லையா? "வயிற்றுக்குச் சோறு வேண்டும், வாய்ப்பேச்சு எதற்கு?" என்று கேட்கும் நண்பர்களும் நம்மிடையே இருக்கிறார்கள். நான் அவர்கள் பக்கம் இல்லை. சொல் துணிவைத் தரும் என்பதே என் கருத்து. ஆனால் எந்தச் சொல், யாரைப் பார்த்து, எதைக் கேட்டுச் சொன்னது என்பதை நாம் பார்க்கத் தவறுகிறோம். இதற்குச் சான்று தேடி நாம் வெகுதூரம் போக வேண்டியதில்லை. கிள்ளானும் பிரிக்பீல்ட்சும் போதும்.

1941ஆம் ஆண்டைப் பாருங்கள். கிள்ளான் வட்டாரத் தோட்டங்களில் நம் தொழிலாளர்கள் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். அவர்களை ஒன்றுதிரட்டியவர்களில் முதன்மையானவர் 'தமிழ் நேசன்' நாளிதழில் துணையாசிரியராக இருந்த ஆர்.எச். நாதன். தொழிலாளர்கள் முன்வைத்த கோரிக்கைகள் இன்று படித்தாலும் மனத்தைத் தொடும். கூலி உயர்வு, பிள்ளைகளுக்குக் கல்வி, மருத்துவ வசதி, கள்ளுக்கடைகளை மூடுவது, பெண்களிடம் அத்துமீறுவதை நிறுத்துவது ஆகியவற்றோடு இன்னொன்றும் இருந்தது. துரையோ அலுவலக அதிகாரியோ எதிரே வந்தால் தொழிலாளி சைக்கிளை விட்டு இறங்க வேண்டும் என்ற வழக்கம் ஒழிய வேண்டும் என்பதே அது.

கூலிக்குப் போராடுவதை எவரும் புரிந்துகொள்வர். சைக்கிளை விட்டு இறங்க மாட்டேன் என்று சொல்வதற்கு வேறொரு துணிவு வேண்டும். தானும் தலைநிமிர்ந்து போகத் தக்க மனிதன்தான் என்று ஒருவன் முதலில் நம்ப வேண்டும். அந்த நம்பிக்கையை ஊட்டியவை நாதன் போன்றோரின் பேச்சுகள். அதற்கு விலையும் கொடுக்க நேர்ந்தது. 1941 மே மாதம் நாதன் கைது செய்யப்பட்டு, பின்னர் இந்தியாவுக்கு நாடு கடத்தப்பட்டார். போராட்டத்தை அடக்கப் படை வந்தது. துப்பாக்கிச் சூட்டில் தொழிலாளர்கள் மாண்டார்கள். சொன்னவரும் கேட்டவர்களும் ஒரே ஆபத்தில் நின்றார்கள். அச்சொற்களுக்கு வலு வந்தது அதனால்தான் என்று நான் நினைக்கிறேன்.

அடுத்தது, பல்கலைக்கழக மாணவர்களாகிய நாம் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய செய்தி. சிங்கப்பூரில் 1935இல் 'தமிழ் முரசு' ஏட்டைத் தொடங்கியவர் தமிழவேள் கோ. சாரங்கபாணி. 1950களில் மலாயாப் பல்கலைக்கழகத்தில் இந்திய இயல் துறை அமையவிருந்தபோது, அங்கே தமிழுக்கு முதலிடமா, சமஸ்கிருதத்துக்கா என்ற கேள்வி எழுந்தது. தமிழுக்கே முதலிடம் வேண்டும் என்று அவர் தம் ஏட்டின் வழியாக வாதாடினார். அத்தோடு நிற்காமல், 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பெயரில் நிதி திரட்டினார். பல்கலைக்கழக வாசலையே மிதித்திராத உழைப்பாளிகளும் தங்களால் இயன்றதைக் கொடுத்தார்கள். 1956இல் சிங்கப்பூரில் தொடங்கிய அத்துறை பின்னர் கோலாலம்பூருக்கு வந்தது. 1960களில் தனிநாயகம் அடிகளார் அதற்குத் தலைமையேற்றார். 1966இல் முதல் உலகத் தமிழ் மாநாடு கோலாலம்பூரிலேயே நடந்தது.

'தமிழ் எங்கள் உயிர்' என்பதை இன்று மேடையில் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். அன்று அதே மூன்று சொற்கள் சட்டைப்பையிலிருந்து காசை எடுக்க வைத்தன. தன் பிள்ளை நுழைவான் என்ற உறுதிகூட இல்லாத ஓர் இடத்துக்காக ஒரு தொழிலாளி பணம் கொடுக்கிறான் என்றால், அச்சொற்கள் அவன் உள்ளத்தில் என்ன செய்திருக்க வேண்டும்!

மூன்றாவது, துன் வீ.தி. சம்பந்தன். பிரிக்பீல்ட்சில் அவர் பெயர் தாங்கிய சாலையில் நாம் தோசை சாப்பிடுகிறோம், தீபாவளிக்குத் துணி வாங்குகிறோம். அவர் செய்ததை நம்மில் எத்தனை பேர் அறிவோம்? நாட்டு விடுதலையை ஒட்டிய ஆண்டுகளில் வெள்ளைக்கார முதலாளிகள் தோட்டங்களை விற்கத் தொடங்கினார்கள். வாங்கியவர்கள் அவற்றைத் துண்டு துண்டாகப் பிரித்து விற்றார்கள். தோட்டம் துண்டானால் தொழிலாளிக்கு வேலையும் போகும், லயத்து வீடும் போகும். அமைச்சராக இருந்த சம்பந்தன் தோட்டம் தோட்டமாகச் சென்று தொழிலாளர்களிடம் பேசினார். ஆறுதல் சொல்வதற்காக மட்டும் அவர் போகவில்லை. நாமே தோட்டத்தை வாங்குவோம் என்றார். 1960இல் தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. நூறு வெள்ளிப் பங்கை மாதம் பத்து வெள்ளியாகக் கட்டலாம் என்று வழி சொன்னார்கள். கெடாவிலுள்ள புக்கிட் சிடிம் தோட்டம் அவ்வாறு தொழிலாளர்களின் சங்கத்துக்கே சொந்தமானது.

நாள் கூலிக்கு உழைத்தவர்களுக்குப் பத்து வெள்ளி சிறிய தொகையன்று. என் தாத்தா தலைமுறையில் கிள்ளான் பக்கத்துத் தோட்டங்களில் பால்மரம் வெட்டியவர்கள் அந்தப் பத்து வெள்ளிக்காக எதையெல்லாம் குறைத்திருப்பார்கள் என்று நான் எண்ணிப் பார்ப்பதுண்டு. எனினும், தோட்டத்தையே வாங்குவது என்ற எட்டாக் கனவை, இந்த மாதம் பத்து வெள்ளி என்ற எட்டும் காரியமாக அந்தப் பேச்சு மாற்றியது. அச்சம் அங்கேதான் உடைகிறது. மலை முழுவதையும் பார்த்து மலைத்து நிற்பவனுக்கு முதல் படி எது என்று காட்டிவிட்டால், அவன் கால் தானாக எழும்.

பிரிக்பீல்ட்சில் 1904இல் எழுந்த விவேகானந்தா ஆசிரமத்தை நாம் அறிவோம். அந்தத் துறவியின் சிகாகோ பேச்சும் நமக்குத் தெரியும். 1893இல் உலகமே அதை வியந்தது. ஆனால் அவரைக் கப்பலேற்றுவதற்காகச் சென்னையில் வீடு வீடாகச் சென்று பணம் திரட்டிய அளசிங்கப் பெருமாள் என்ற ஆசிரியரை எத்தனை பேர் நினைக்கிறோம்? டாக்டர் கலாமின் கதையும் இப்படித்தான். 1979 ஆகஸ்ட் 10ஆம் நாள் அவர் தலைமையில் உருவான எஸ்எல்வி-3 ஏவுகலம் கடலில் விழுந்தது. அன்று செய்தியாளர்கள் முன் சென்று பொறுப்பைத் தம் மேல் ஏற்றுக்கொண்டவர் விண்வெளி ஆய்வு நிறுவனத் தலைவர் சதீஷ் தவான். 1980 ஜூலை 18இல் வெற்றி கிடைத்தபோது அவர் கலாமையே பேசச் சொன்னார். கனவு காணச் சொன்ன மனிதர், தாம் விழுந்தபோது தாங்கிய ஒருவரைப் பெற்றிருந்தார். இதைக் கலாமே பலமுறை நன்றியோடு சொல்லியிருக்கிறார். நாம் சுவரில் ஒட்டும் வாசகத்தில் மட்டும் தவான் இல்லை.

இங்கேதான் எனக்கு இன்றைய தன்முனைப்புப் பேச்சுகளோடு கருத்து வேறுபாடு உண்டு. "நீ நினைத்தால் முடியும்" என்கிறார்கள். கேட்க இனிமைதான். ஆனால் முடியாமல் போகும்போது, "நீ சரியாக நினைக்கவில்லை" என்பது அதற்குள்ளேயே ஒளிந்திருக்கிறது. உயர்கல்விக் கடன் வந்து சேரும்வரை ஒருவேளை உணவோடு நாளைக் கழிக்கும் மாணவனிடம், குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டப்படிப்புக்கு வந்து யாரிடம் எதைக் கேட்பது என்று தெரியாமல் தவிக்கும் மாணவியிடம், "உன்னை நம்பு" என்று மட்டும் சொல்வது போதுமா? நாதனும் சாரங்கபாணியும் சம்பந்தனும் 'நீ' என்று தனித்தனியாகப் பிரித்துப் பேசவில்லை; 'நாம்' என்று சேர்த்துப் பேசினார்கள். பக்கத்தில் இன்னொருவனும் பத்து வெள்ளி கட்டுகிறான் என்று தெரிந்ததால்தான் ஒவ்வொருவருக்கும் கட்டும் துணிவு வந்தது.

எனவே நம் தமிழ்ப் பேரவைகளுக்கு என் பரிந்துரை எளிமையானது. சொற்பொழிவாளர்களை அழைப்போம், கேட்போம், கை தட்டுவோம். கூட்டம் கலைவதற்கு முன் அந்தச் சொல்லிலிருந்து 'பத்து வெள்ளி' ஒன்றையும் கண்டெடுப்போம். மூன்றாம் ஆண்டு மாணவர் ஒவ்வொருவரும் முதலாம் ஆண்டு மாணவர் ஒருவருடைய கடன் பாரத்தையும் உபகாரச் சம்பளப் பாரத்தையும் உடனிருந்து நிரப்பிக் கொடுக்கலாம். வாரம் ஒரு மணி நேரம், கேலி செய்ய ஆளில்லாத அறையில், ஆங்கிலத்திலும் மலாயிலும் பேசிப் பழகலாம். தேர்வில் தவறிய நண்பனைத் தேடி அவன் அறைக்குப் போய், அடுத்த பருவத்துக்கான பாடத்திட்டத்தை அவனோடு சேர்ந்து போடலாம். வேலைக்குப் போய்விட்ட முன்னாள் மாணவர்கள் நேர்முகத் தேர்வுக்குப் பயிற்சி தரலாம். இவற்றுக்குப் பெரிய மண்டபம் வேண்டாம், நுழைவுச்சீட்டும் வேண்டாம்.

மாணவ நண்பர்களே, பெரியோரின் சொற்களைச் சுவரிலிருந்து எடுக்கச் சொல்ல நான் வரவில்லை. அவை அங்கேயே இருக்கட்டும். அடுத்த முறை அவற்றுள் ஒன்றைப் படிக்கும்போது, இது இந்த வாரம் என்னிடம் என்ன கேட்கிறது, அதை நான் யாரோடு சேர்ந்து செய்யப் போகிறேன் என்ற இரண்டு கேள்விகளை மட்டும் கேட்டுப் பாருங்கள். விடை கிடைத்த அன்றே ஒருவரைத் துணைக்குச் சேர்த்துக்கொண்டு வேலையைத் தொடங்கிவிடுங்கள்.