தோட்டாவில் குண்டு அமரும் முறை

பொன்முடி மலையடியிலுள்ள கல்லாற்றிலிருந்து உறுப்பினர் ஒருவர் நமக்கு எழுதியுள்ளார். அமெரிக்காவில் வாழும் அவர்தம் மைந்தர், சுட்டுத் தீர்ந்த கைத்துப்பாக்கித் தோட்டாக்களை வீட்டிலேயே மீண்டும் நிரப்புகின்றாராம். சிலவற்றில் குண்டு கோணலாக அமர்கின்றது. சிலவற்றில் விரலால் அழுத்தினாலே உள்ளே இறங்குகின்றது. காரணம் யாது? மரவள்ளியைக் காட்டுப்பன்றி அழிக்கும் கல்லாற்றிலும் இவ்வாறு செய்துகொள்ளலாமா? இவையே அன்பரின் வினாக்கள்.

முதல் வினாவிற்கு விடை பித்தளைக் கூட்டின் வாயில் உள்ளது. வாய் போதிய அளவு விரியாதிருப்பின் குண்டு சாய்ந்து நுழையும், ஈயமும் சீவப்படும். மிக விரிந்திருப்பினும், கூடு உரிய அளவிற்கு இறுக்கப்படாதிருப்பினும் குண்டைப் பற்றும் பிடி இராது. பிடியற்ற தோட்டாவைத் துப்பாக்கியில் இட்டும் எடுத்தும் வந்தால், குண்டு சிறிது சிறிதாக உட்செல்லும். அஞ்சத்தக்கது இதுவே. உள்ளே இடம் குறையக் குறைய, அதே மருந்து எரியும்போது அழுத்தம் மிகுந்தெழும். ஒன்பது மில்லிமீட்டர் தோட்டாவிற்கு அமெரிக்காவில் வகுக்கப்பட்ட உச்ச அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 35,000 பவுண்டு. நம் நாட்டில் ஓடிய டபிள்யூ.பி. நீராவி எஞ்சினின் கொதிகலனில் இருந்தது 210 பவுண்டே! (இரயில்வே எழுத்தர் வேறெதை ஒப்பிடுவர்?) எனவே, குண்டு இறங்கிய தோட்டாவைச் சுட்டுப் பார்த்தல் ஆகாது, இழுத்துப் பிடுங்கிக்கொண்டு திருத்தவும் வேண்டா. தனியே ஒதுக்கி, குண்டு பிரிக்கும் கருவியால் மருந்தை வெளியேற்றுவதே முறை. கருவியுடன் வந்த நூலில் கண்ட நீளத்தை ஒவ்வொரு தோட்டாவிலும் அளந்து பார்க்குமாறு மைந்தருக்கு அன்பர் எழுதுவாராக.

இரண்டாம் வினாவிற்கு விடை, கூடாது என்பதே. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம், ஐந்தாம் பிரிவின்படி, உரிமமின்றித் தோட்டா செய்வதைத் தடுக்கின்றது. 2019ஆம் ஆண்டின் திருத்தத்திற்குப் பின் இக்குற்றத்திற்குத் தண்டனை ஏழாண்டிற்குக் குறையாத சிறை. ஆயுட்காலம் வரையும் நீளலாம். சுடும் உரிமம் கையிலிருப்பது தோட்டா செய்யும் உரிமம் ஆகாது. இவ்வேறுபாட்டைப் பலர் அறியார்.

பன்றியின் தொல்லை மெய்யே. ஒரே இரவில் ஓராண்டு உழைப்பு கிளறப்படுவதைக் கண்டவர் நாட்டுத் துப்பாக்கியை நினைப்பதில் நாம் வியப்படையவில்லை. ஆயின் 2022ஆம் ஆண்டில் கேரள அரசு, பயிரழிக்கும் காட்டுப்பன்றியைச் சுட ஆணையிடும் அதிகாரத்தை உள்ளாட்சித் தலைவர்களுக்கு வழங்கியது. சுடுபவர் உரிமம் பெற்றவராக இருத்தல் வேண்டும். அன்பர் தம் ஊராட்சி அலுவலகத்திற்குச் சென்று, விளைநிலத்தின் சேதத்தை எழுத்தில் கொடுப்பது நலம்.

இன்னொன்று. மைந்தர் விடுமுறையில் புறப்படுமுன் பைகளை உதறிப் பார்க்கட்டும். மறந்துபோன ஒரு தோட்டா பெட்டியின் மூலையில் கிடந்து, விமான நிலையத்தில் வழக்கான செய்திகள் நாளிதழ்களில் அடிக்கடி வருகின்றன. அறியாமல் வந்தது என்பதை நீதிமன்றத்தில்தான் நிறுவ வேண்டியிருக்கும். அதுவரை விடுமுறை காத்திராது.