176-க்குள்ள நாம இருக்கோமா?

போன வாரம் கேன்டீன்ல ஒரு ஜூனியர் மடக்கினான். "அண்ணா, பஞ்சாயத்துத் தலைவருக்கே நாமதான் ஓட்டுப் போடறோம். ஜனாதிபதிக்கு மட்டும் ஏன் நம்மளைக் கூப்பிட மாட்டேங்கறாங்க?"

சூப்பர் கேள்வி. அரசியல் நிர்ணய சபையிலேயே கே.டி.ஷா இதற்காக வாதாடினார். நேரு 1947-லேயே மறுத்துவிட்டிருந்தார். நாடே ஓட்டுப் போட்டு ஒருத்தரை உட்கார வைத்துவிட்டு, அதிகாரத்தைப் பிரதமர் கையில் கொடுத்தால் கோளாறுதான் என்பது அவர் வாதம். எனக்கும் அது சரியாகத்தான் படுது.

ஆனா மேட்டர் அதுல இல்லை பாஸ். எம்.எல்.ஏ.க்கள் ஓட்டுக்கு ஒரு 'மதிப்பு' உண்டு. மாநில மக்கள்தொகையை எம்.எல்.ஏ.க்கள் எண்ணிக்கையால் வகுத்து, மறுபடி ஆயிரத்தால் வகுக்கணும். 2022 ஜனாதிபதி தேர்தலில் நம்ம எம்.எல்.ஏ.வுக்கு 176, உ.பி.க்கு 208, சிக்கிமுக்கு வெறும் 7!

எந்த வருஷத்து மக்கள்தொகை? 1971. குடும்பக் கட்டுப்பாட்டை ஒழுங்காச் செய்த மாநிலங்கள் நஷ்டப்படக் கூடாதுன்னு 1976-ல் 42-வது திருத்தம் போட்டு அந்தக் கணக்கை நிறுத்தி வைத்தார்கள். 2001-ன் 84-வது திருத்தம், 2026-க்குப் பிறகு எடுக்கும் முதல் சென்சஸ் வெளியாகும்வரை அதை நீட்டித்தது.

செல்போன் கால்குலேட்டரைத் தட்டினேன். 2011 சென்சஸ் படி நம்ம 176, 308 ஆகுது. ஜூனியர் கைதட்டிட்டான். இருடா தம்பி, உ.பி.யோட 208, 496 ஆகுதே! பழைய கணக்கில் நம்ம 234 பேர் ஓட்டு 41,184. அவங்க 403 பேருக்கு 83,824. ஏறக்குறைய பாதி. 2011 கணக்கில் நமக்கு 72,072, அவங்களுக்கு 1,99,888. மூணுல ஒரு பங்கைக் கொஞ்சம் தாண்டும், அவ்வளவுதான். சொன்ன பேச்சைக் கேட்டு நடந்ததுக்குத் தண்டனையா?

"அப்ப உ.பி.யில என் வயசுப் பையன் கணக்கிலேயே இல்லையா?"ன்னு கேட்டான் ஜூனியர். அதுவும் நியாயம்தான். அதுக்கு என்கிட்ட பதில் இல்லை. அவன் மட்டுமா? எங்க டேபிள்ல இருந்த ஆறு பேருமே அந்த 176-க்குள்ள கிடையாது.

டீ மாஸ்டர் மட்டும் உண்டு. 1971-ல் அவருக்கு ரெண்டு வயசாம்.