ஒருத்தியின் பேரமும் கூட்டு பேரமும்

சயான் ரயில் நிலையத்தில் காலை வேளையில் கூடும் பெண்களிடையே இரு தலைமுறைகள் உள்ளன. வீட்டு வேலைக்கோ, ஒப்பந்தத் துப்புரவுப் பணிக்கோ செல்லும் தாய் ஒரு தலைமுறை. தாராவியிலோ சயான் கோலிவாடாவிலோ வளர்ந்து, குடும்பத்தில் முதன்முதலாகப் பட்டம் பெற்று, பாந்திரா-குர்லா வளாகத்துக்கு நேர்முகத் தேர்வுக்குச் செல்லும் மகள் மற்றொரு தலைமுறை. மகளிடம் தேர்வின் இறுதியில் தவறாமல் கேட்கப்படுவது ஒரு கேள்வி: “இப்போது எவ்வளவு வாங்குகிறீர்கள்? எவ்வளவு எதிர்பார்க்கிறீர்கள்?”

கேட்பவரின் கையில் அந்நிறுவனத்தின் ஊதியப் பட்டியல் முழுவதும் இருக்கிறது. பதில் சொல்பவளின் கையில் எதுவும் இல்லை. இதற்குப் பெயர்தான் “சுதந்திரமான ஒப்பந்தம்”!

சிறு தொகை அல்ல

ஒரே வேலைக்கு, ஒரே தகுதியுடன், ஓர் ஆணுக்கு 25,000 ரூபாயும் இவளுக்கு 22,000 ரூபாயும் தொடக்க ஊதியமாக நிர்ணயிக்கப்படுவதாகக் கொள்வோம். இருவருக்கும் ஆண்டுதோறும் ஒரே அளவாக 8 சதவீத உயர்வு அளிக்கப்பட்டாலும், பத்து உயர்வுகளுக்குப் பின்னர் 3,000 ரூபாய் வேறுபாடு ஏறத்தாழ 6,480 ரூபாயாக வளர்ந்து நிற்கும். வருங்கால வைப்பு நிதியும் பணிக்கொடையும் ஊதியத்தை ஒட்டியே கணக்கிடப்படுவதால், ஓய்வுக்காலம் வரை இந்த இழப்பு அவளைத் தொடரும். அடுத்த நிறுவனமும் “இப்போது எவ்வளவு?” என்றே கேட்குமானால், முதல் முதலாளி இழைத்த பாகுபாட்டை இரண்டாம் முதலாளி மரபுரிமையாகப் பெற்றுக்கொள்கிறார்.

குறை யாரிடம்?

பெண்களுக்குக் கேட்கத் தெரியவில்லை; துணிவும் பயிற்சியும் கொடுத்தால் போதும் என்பது மேலாண்மை நூல்கள் சொல்லும் மருந்து. அமெரிக்காவில் 2003இல் வெளிவந்த லிண்டா பாப்காக்கின் நூல் இக்கருத்தைப் பரப்பியது. ஆனால், ஊதியம் உயர்த்திக் கேட்கும் பெண்ணை, அதையே கேட்கும் ஆணைவிடக் கடுமையாக மதிப்பிடுகின்றனர் என்பதை 2007இல் அவரும் சக ஆய்வாளர்களும் வெளியிட்ட ஆய்வே காட்டியது. ஆஸ்திரேலியத் தொழிலாளர்களிடம் பின்னர் நடந்த ஓர் ஆய்வு, பெண்களும் ஆண்கள் அளவுக்கே கேட்கின்றனர். கிடைப்பதுதான் குறைவு என்று கண்டது. ஆகவே குறை பெண்ணின் நாவில் இல்லை. மேசையின் மறுபக்கத்தில் இருக்கிறது.

2014 அக்டோபரில், மைக்ரோசாப்ட் நிறுவனத்தின் தலைமை நிர்வாகி சத்யா நாதெள்ளா, கணினித் துறைப் பெண்களின் மாநாட்டில், ஊதிய உயர்வு கேட்பதைவிட அமைப்புமுறை உரியதைத் தரும் என நம்புவதே மேல் என்றும், கேட்காதிருப்பது நல்ல “கர்மா” என்றும் பேசினார். கண்டனம் எழுந்ததும், தாம் கூறியது தவறு என்று ஒப்புக்கொண்டார். கேட்டால் அடங்காதவள், கேட்காவிட்டால் கர்மா. இரண்டு வழியிலும் லாபம் ஒருவருக்கே.

மும்பை தந்த தீர்ப்பு

இந்தக் கேள்விக்கு மும்பை முன்பே ஒரு விடை தந்திருக்கிறது. மாதுங்காவிலும் சயானிலும் குடியேறிய தமிழர் பலருக்குச் சுருக்கெழுத்தும் தட்டச்சும்தாம் பிழைப்பின் வாசலாக இருந்தன. அதே தொழிலைச் சேர்ந்தவர் ஆட்ரி டிகோஸ்டா. மெக்கின்னன் மெக்கன்சி நிறுவனத்தில் சுருக்கெழுத்தாளராகப் பணியாற்றி, 1977இல் பணி நீக்கம் செய்யப்பட்டவர். ஆண் சுருக்கெழுத்தாளர்களைவிடத் தமக்குக் குறைவாக ஊதியம் அளிக்கப்பட்டது என்று, 1976ஆம் ஆண்டின் சம ஊதியச் சட்டத்தின்கீழ் அவர் முறையிட்டார்.

மேலதிகாரிகளுடன் இணைக்கப்பட்ட “அந்தரங்கப் பெண் சுருக்கெழுத்தாளர்” என்பது தனிப் பதவி என்றது நிர்வாகம். நிதிநிலை இடம் தரவில்லை என்றது. தொழிற்சங்கத்துடன் செய்துகொண்ட ஒப்பந்தப்படியே ஊதியம் நிர்ணயிக்கப்பட்டது என்றும் வாதாடியது. 1987 மார்ச் 26 அன்று உச்சநீதிமன்றம் இவ்வாதங்களை நிராகரித்தது. வேலையின் தன்மை ஒன்றாக இருக்கையில் பதவியின் பெயரை மாற்றி ஊதியத்தைக் குறைக்க முடியாது. முதலாளியின் நிதிநிலையைப் பொறுத்ததல்ல இச்சட்டம். சங்கம் கையெழுத்திட்ட ஒப்பந்தமும் சட்டத்துக்கு மேலானதல்ல என்று தீர்ப்பளித்தது.

மூன்றாவது வாதத்தை நமது தோழர்கள் ஊன்றிப் படிக்க வேண்டும். பெண்ணுக்குக் குறைந்த ஊதியம் என்ற ஏற்பாட்டுக்கு முதலாளி கேடயமாகப் பிடித்தது சங்கத்தின் கையெழுத்தை. கூட்டு பேரம் உழைக்கும் வர்க்கத்தின் ஆயுதம் என்கிறோம், அது உண்மை. ஆனால் பேரம் பேசும் குழுவில் பெண்கள் இல்லையெனில், அந்த ஆயுதம் வர்க்கத்தின் ஒரு பாதியை மறந்துவிடக்கூடும். இதை முதலாளி சொல்லித் தெரிந்துகொள்ளும் நிலை நமக்கு வரக்கூடாது.

இன்றைய நிலை

2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்குக் கொண்டுவரப்பட்ட ஊதியச் சட்டத்தொகுப்பு, 1976ஆம் ஆண்டுச் சட்டத்தைத் தன்னுள் விழுங்கிவிட்டது. பாலினப் பாகுபாட்டுக்கான தடை சொல்லளவில் தொடர்கிறது. பதவி உயர்வு, பயிற்சி, இடமாற்றம் ஆகியவற்றைப் பெயர் குறித்துச் சொன்ன பழைய சட்டத்தின் தெளிவு மங்கியுள்ளது. ஆய்வாளர், “ஆய்வாளர்-வசதியளிப்பவர்” ஆகிவிட்டார். ஐரோப்பிய ஒன்றியமோ 2023இல் இயற்றிய நெறிமுறையில், முந்தைய ஊதியத்தை விண்ணப்பதாரரிடம் கேட்கத் தடை விதித்து, தொடக்க ஊதியத்தை அல்லது அதன் வரம்பை முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும் என்கிறது. இத்தகைய கடமை எதையும் நம் நாட்டு முதலாளிகள்மீது இச்சட்டத்தொகுப்பு சுமத்தவில்லை.

மகளுக்காவது ஒரு நேர்முகத் தேர்வு உண்டு. ஆஷா ஊழியருக்கு ஊதியம் என்ற சொல்லே மறுக்கப்பட்டு, “ஊக்கத்தொகை” வழங்கப்படுகிறது. திட்டப் பணியாளர்களைத் தொழிலாளர்களாக ஏற்றுக் குறைந்தபட்ச ஊதியம் தர வேண்டும் என்று 2013இல் 45ஆவது இந்தியத் தொழிலாளர் மாநாடு பரிந்துரைத்தது. அது இன்றுவரை நிறைவேறவில்லை. “பெண் சுருக்கெழுத்தாளர்” முதல் “தன்னார்வலர்” வரை, பெயரை மாற்றிக் கூலியைக் குறைக்கும் தந்திரம் ஒன்றேதான்.

செய்ய வேண்டியவை

ஊதியம் இயற்கை விதியால் தீர்மானிக்கப்படுவதன்று. மோதும் இரு தரப்பின் வலிமையே அதைத் தீர்மானிக்கிறது என்று 1865இல் மார்க்ஸ் அகிலத்தின் பொதுக்குழுவில் விளக்கினார். தனியாக அமரும் பெண்ணுக்கு அந்த வலிமையைத் தருவது அமைப்பின் கடமை. எந்த வேலைக்கு எங்கே எவ்வளவு என்ற விவரத்தை, ஊதியச் சீட்டுகளைக் கொண்டு, சயான், தாராவி, செம்பூர் கிளைகள் திரட்டித் தர முடியும். முந்தைய ஊதியத்தைச் சொல்ல மறுக்கவும், வாக்குறுதியை எழுத்தில் கேட்கவும் இளம்பெண்களைப் பழக்க முடியும். பேரம் பேசும் ஒவ்வொரு குழுவிலும் பெண்களை அமர்த்தி, கையெழுத்திடும் முன் ஆண், பெண் ஊதியத்தை ஒப்பிட்டுப் பார்க்க முடியும். முந்தைய ஊதியத்தைக் கேட்கத் தடையும், ஊதிய வரம்பை வெளியிடும் கட்டாயமும் சட்டமாக வேண்டும் என்ற கோரிக்கையை மாதர் அமைப்பும் தொழிற்சங்கமும் இணைந்து எழுப்ப வேண்டும்.

ஊதியத்தைப் பிறரிடம் சொல்லாதே என்பது முதலாளியின் அறிவுரை. அவர் ஏன் அப்படிச் சொல்கிறார் என்பதைப் புரிந்துகொண்டால், முதலில் செய்ய வேண்டியது எது என்பது விளங்கும்: சொல்வோம்.