மூட்டை மாத்தியாச்சு... ஆளைத் தேத்துறது யாரு?

விளம்பரத்தைப் பார்த்திருப்பீர்கள். ஒரு பாட்டி, புது மூட்டு, மறுநாளே நடை, பின்னணியில் புல்லாங்குழல். ஆபரேஷனுக்கு முன்னால் அந்தப் பாட்டி எவ்வளவு தெம்பாக இருந்தார் என்பதை மட்டும் சொல்லவே மாட்டார்கள். விஷயமே அதுதானே!

வாஜ்பாய் பிரதமராக இருக்கும்போதே 2000-ல் ஒரு மூட்டும் 2001-ல் இன்னொன்றும் மாற்றிக்கொண்டார். 2017 ஆகஸ்டில் மத்திய அரசு செயற்கை மூட்டுக்கு விலை வரம்பு வைத்தது. அதிகம் பயன்படும் கோபால்ட் குரோமியம் வகைக்கு 54,720 ரூபாய், வரி தனி. நல்ல காரியம்தான். ஆனால் அந்த உலோகத்தை அசைக்க வேண்டிய தொடைத் தசையைப் பற்றி யார் கவலைப்பட்டார்கள்?

ஆபரேஷன் முடிந்த ஒரு மாதத்தில் முன்தொடைத் தசை பாதிக்கும் மேல் பலம் இழக்கிறது என்று ஆய்வாளர்கள் அளந்தே சொல்லியிருக்கிறார்கள். தெம்பான ஆள் சமாளித்துவிடுவார். ஏற்கெனவே தளர்ந்தவர்? தானாக எடை குறைவது, சதா களைப்பு, கைப்பிடி பலவீனம், மந்தமான நடை, முடங்கிக் கிடப்பது... இந்த ஐந்தில் மூன்று இருந்தால் தளர்ச்சி என்று 2001-லேயே அமெரிக்க மருத்துவர் லிண்டா ஃப்ரைட் குழு வரையறுத்துவிட்டது. கைப்பிடியை அளக்க ஒரு சின்னக் கருவி, நடையை அளக்க ஒரு ஸ்டாப்வாட்ச். ஈசிஜி, எக்கோ என்று வரிசையாக எடுக்கிறவர்களுக்கு இது மட்டும் கசக்கிறதா?

அதற்காக "வயசாயிடுச்சு, வேணாம்" என்று திருப்பி அனுப்புவதும் அநியாயம். 80-லும் கல்லு மாதிரி இருப்பவர் உண்டு, 65-லேயே துவண்டவரும் உண்டு. தளர்ந்தவருக்கும் வலி குறையத்தான் செய்கிறது. தேற நாளாகும், சிக்கலும் கூடுதல். அதை முன்கூட்டியே சொல்லி, சாப்பாட்டையும் பயிற்சியையும் ஆபரேஷனுக்கு முன்பே ஆரம்பித்தால் என்ன?

வீட்டார் லட்சணமோ அதைவிட மோசம். பருப்பும் முட்டையும் சீழ் பிடிக்குமாம், அதனால் மூன்று வேளையும் ரசம் சாதம்! தசை எதிலிருந்து வளரும்? வலிக்கு இதமாக இருக்கட்டும் என்று முழங்காலுக்கு அடியில் தலையணை வேறு. அப்படியே பழகினால் கால் முழுசாக நீளாமல் போய்விடும். "ஒக்காருங்கம்மா, நாங்க பாத்துக்கறோம்" என்கிற பாசம் இருக்கிறதே, வாக்கரை மூலையில் தூசி படிய வைப்பது அதுதான்.

டிஸ்சார்ஜ் சீட்டிலோ பிசியோதெரபிக்கு ஒரே ஒரு வரி. லட்சக்கணக்கில் பேக்கேஜ் போடுகிறவர்கள் ஆறு வாரப் பயிற்சியை அதில் சேர்த்தால் குடியா முழுகிவிடும்? வீட்டுக்கு ஆள் வருவாரா, எத்தனை நாள், எவ்வளவு ஆகும் என்று கேளுங்கள். அட்வான்ஸ் கட்டுவதற்கு முன்னாலேயே.