கப்பலோட்டாத தமிழர்கள்

ராஜேந்திர சோழனின் கடற்படையெடுப்புக்கு ஆயிரம் ஆண்டு ஆனதை 2025-இல் கொண்டாடி முடித்தோம். வங்கம், நாவாய், கலம், திமில் என்று நிகண்டுச் சொற்களை அடுக்கிப் புளகாங்கிதம் அடைவதில் நம் இலக்கிய அன்பர்களுக்கு அலுப்பே கிடையாது. இன்று சென்னையிலும் எண்ணூரிலும் வந்து நிற்கும் கார்க் கப்பலைப் பற்றி மட்டும் பேச்சைக் காணோம்.

அழகென்று சொல்ல அதில் ஒன்றுமில்லைதான். மடத்துக்குளத்துக்காரனான என் கண்ணுக்கு, ஜன்னலில்லாத நூற்பாலையொன்றைத் தண்ணீரில் மிதக்கவிட்டது போலிருக்கிறது. ஏறத்தாழ 200 மீட்டர் நீளம். பன்னிரண்டு பதின்மூன்று தளங்கள். பின்புறம் சாய்தளம் இறங்கும். ஓட்டுநர்கள் கார்களை ஒவ்வொன்றாக உள்ளே ஓட்டிச்சென்று, உரசாமல் நெருக்கி நிறுத்துவார்கள். அலையில் நகராதபடி பட்டைகளால் தளத்தோடு பிணைப்பார்கள். பெரிய கப்பலில் ஆறாயிரம் கார்களுக்கு மேல் கொள்ளும்.

இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலை 2020 ஜனவரிக்குள் 30 லட்சம் கார்களை ஏற்றுமதி செய்துவிட்டது. நிறுவனம் கொரியருடையது, போகட்டும், உழைப்பு நம்முடையது. சுமக்கும் கப்பல்களோ ஜப்பானியர், கொரியர், நார்வேக்காரர் கையில். நம் கடலோரத்துக்குள் கார்களை நகர்த்தவே போதிய கப்பலின்றி, 2015-இல் அந்நியக் கொடிக் கப்பல்களுக்காக விதியைத் தளர்த்த நேர்ந்தது.

"கப்பல் யாருடையதானால் என்ன, சரக்குப் போனால் சரி" என்பார்கள் நம் பொருளாதார மேதைகள். அதைத் திருப்பூரில் வந்து சொல்லிப் பார்க்கட்டும். 2021-இல் கன்டெய்னர் வாடகை பன்மடங்கு ஏறியபோது, தைத்த பனியனை வைத்துக்கொண்டு கையைப் பிசைந்த ஊர் இது. கார்க் கப்பலிலும் அதே கதைதான். 2023-இல் பெரிய கப்பலொன்றின் நாள் வாடகை ஒரு லட்சம் டாலரைத் தாண்டியது. சீனத்தின் பி.ஒய்.டி. நிறுவனம் புலம்பிக்கொண்டிருக்கவில்லை. 2024-இல் தன் பெயர் தாங்கிய, 7,000 கார் ஏற்றும் கப்பலை ஓடவிட்டது; 2025-இல் 9,200 கார் கொள்ளும் இன்னொன்றை.

இதைச் சீனன் வந்து நமக்குக் கற்பிக்க வேண்டியதில்லை. சரக்கும் பயணியும் நம்முடையதாக இருந்து கப்பல் மட்டும் வெள்ளையனுடையதாக இருந்தால் கட்டணமும் அவன் கையில்தான் என்பதை 1906-இலேயே உணர்ந்து, சுதேசிக் கப்பல் கம்பெனியைத் தொடங்கினார் வ.உ.சி. போட்டிக் கம்பெனி கட்டணத்தைக் குறைத்து நெருக்கியது. அரசு 1908-இல் அவரைச் சிறையிலிட்டது. 1911-இல் கம்பெனி கலைந்தது. நூறாண்டு கழித்து, 2011-இல், தூத்துக்குடித் துறைமுகத்துக்கு அவர் பெயரைச் சூட்டினோம். அந்தத் துறைமுகம் வழியாக எங்கள் பக்கத்துப் பனியன் பெட்டிகள் போகின்றன, அந்நியர் கப்பலில்.